கார் ரிமோட் சாவி வேலை செய்யவில்லையா? கடைக்குப் போகும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

பட்டன் ஸ்டார்ட் வண்டிக்குப் புதுச் சாவி போடச் சில மாடல்களில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஆனால் 'ரிமோட் போயிடுச்சு' என்று கொண்டுவரப்படும் பல சாவிகளில் போனது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செல் மட்டும்தான். சிலவற்றில் அதுகூட இல்லை. கோளாறு வண்டியில் இருக்கும். எது போனது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் வீண் செலவு குறையும். பெட்ரோல், டீசல் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

நேற்று வரை நன்றாக இருந்த ரிமோட் இன்று வேலை செய்யவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய நல்ல சோதனை இதுதான். இரண்டாவது சாவி வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் கோளாறு வண்டியில்: பேட்டரி, பியூஸ், அல்லது சிக்னலை வாங்கும் ரிசீவர்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து தொடாமல் வைத்திருக்கும் சாவியின் செல்லும் வயதாகித் தீர்ந்திருக்கலாம். அதனால் இரண்டும் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டும் முன் ஒன்றுக்காவது புதுச் செல் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கதவை ரிமோட் திறக்க மாட்டேன் என்கிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. எப்படி?

ஒரு சாவிக்குள் தனித்தனியாக மூன்று வேலைகள் நடக்கின்றன. இது புரிந்துவிட்டால் பாதிக் கோளாறுகளை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலாவது ரிமோட். பட்டனை அழுத்தினால் ரேடியோ சிக்னல் போகும். இந்தியாவில் ஓடும் கார்களில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். இதற்குச் செல் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது இம்மொபிலைசர் சிப். வண்டி திருடுபோகாமல் இருக்க எஞ்சினுக்கு அனுமதி கொடுப்பது இதுதான். இதற்குச் செல் தேவையே இல்லை. சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு காயில் இருக்கும். சாவியைத் திருப்பும்போது அந்தக் காயிலின் காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிடும். செல் செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆவது இதனால்தான்.

மூன்றாவது வெட்டிய இரும்புச் சாவி. கதவைத் திறக்கும், பழைய வகை வண்டியில் இக்னிஷனையும் திருப்பும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் கூடுதலாக ஒன்று உண்டு. கைப்பிடியைத் தொட்டதும் வண்டி சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் 'சாவி பக்கத்தில் இருக்கா?' என்று கேட்கும். பாக்கெட்டில் இருக்கும் சாவி விழித்து 433-ல் பதில் சொல்லும். கேட்கும் சிக்னல் ஒன்றிரண்டு மீட்டர்தான் எட்டும். பட்டனை அழுத்தினால் தூரத்திலிருந்தே திறக்கும் வண்டி, கைப்பிடியைத் தொடும்போது சாவி அருகில் இருந்தால்தான் திறப்பது இதனால்.

ஆக, கதவு திறக்கவில்லை ஆனால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சிப் நன்றாக இருக்கிறது; ரிமோட் பக்கம் பாருங்கள். கதவு திறக்கிறது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் மீட்டரில் சாவி படம் மின்னுகிறது என்றால் செல் மாற்றிப் பயனில்லை.

செல் எந்த நம்பர்? நானே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். நம்பர் பழைய செல்லின் மேலேயே இருக்கும். அதிகம் பார்ப்பது சிஆர்2032. முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு தடிமன்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். சிஆர்2025 அதே அகலம், 2.5 கனம். சிஆர்1620 அகலத்திலேயே சின்னது. எல்லாமே 3 வோல்ட் என்பதால் 2032-க்குப் பதில் 2025 போட்டுத்தரும் கடைகள் உண்டு. அன்றைக்கு வேலை செய்யும். கனம் குறைவு என்பதால் தகடு சரியாகப் படாமல், சாவி கீழே விழும்போதெல்லாம் செத்துப் பிழைக்கும். அதே நம்பரே கேட்டு வாங்குங்கள்.

திறக்கும்போது ஸ்க்ரூ டிரைவரை ஆழமாக விடக்கூடாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியின் ஸ்மார்ட் சாவி என்றால் பக்கவாட்டில் உள்ள சின்ன லாட்ச்சை நகர்த்தி உள்ளே இருக்கும் இரும்புச் சாவியை உருவுங்கள். அது இருந்த பள்ளத்தில் ஒரு தட்டை முனை போடும் இடம் தெரியும். முனையில் துணி சுற்றி மெதுவாகத் திருகினால் இரண்டு பாதியும் பிரியும். ரப்பர் பட்டன் ஷீட் எப்படி உட்கார்ந்திருக்கிறது, செல்லின் கூட்டல் குறி மேலேயா கீழேயா என்று திறந்தவுடன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் தட்டைப் பரப்பில் படிந்தால் தொடர்பு கெடும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் புதுச் செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 2.8-க்குக் கீழே போய்விட்டால் மாற்றிவிடுவது நல்லது. சும்மா இருக்கும்போது 3 காட்டிவிட்டு, பட்டனை அழுத்தியதும் சடாரென்று இறங்கும் செல்களும் உண்டு. சந்தேகம் என்றால் புதுசு போட்டுப் பார்ப்பதே உறுதி.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. இந்தச் செல்லில் ஆபத்து உண்டா?

உண்டு, கடுமையான ஆபத்து. 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன செல்லுக்கும் அதற்கான சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், அழுகிறதா இல்லையா என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். பழைய செல்லை மேஜையில் வைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். திருகு கழன்று தானே திறந்துகொள்ளும் சாவியைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்கவே கூடாது.

புதுச் செல் போட்ட பிறகும் வேலை செய்யவில்லையே?

வரிசையாகப் பாருங்கள். செல்லின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா? தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களா? குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சோடு வரும் செல்கள் உண்டு; அந்தப் பூச்சு தகடு படும் இடத்தில் இருந்தால் சில சாவிகளில் தொடர்பு கிடைக்காது. பூச்சில்லாத செல் போட்டுப் பாருங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் மேலே சொன்ன கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

அடுத்து செல்லைப் பிடிக்கும் தகடு. பல தடவை கழற்றி மாட்டினால் அது தாழ்ந்துவிடும். பல் குத்தும் குச்சியால் ஒரு மில்லிமீட்டர் தூக்கிவிட்டாலே சாவி உயிர்பெறும். பச்சையாகவோ வெள்ளையாகவோ களிம்பு பிடித்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும்.

பிறகு பட்டன். ரப்பரை எடுத்துவிட்டு, போர்டில் உள்ள சின்ன சுவிட்சை நகத்தால் அழுத்துங்கள். 'டிக்' என்று அடங்கி எழ வேண்டும். லாக் பட்டன் டிக் என்கிறது, அன்லாக் பட்டன் சொத சொதவென்று இருக்கிறது என்றால் தேய்ந்தது அந்த ஒரு சுவிட்ச்தான். மெல்லிய சாலிடரிங் முனை வைத்திருக்கும் மொபைல் மெக்கானிக் யாரும் மாற்றித் தருவார். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் சுவிட்சும் கிடைக்கும், போட்டுத்தர ஆளும் கிடைப்பார்.

இதெல்லாம் சரி என்றால் சாவியும் வண்டியும் 'சிங்க்' இழந்திருக்கலாம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சாவி புதிய ரகசிய எண்ணை அனுப்புகிறது. வண்டி தன் கணக்குக்குச் சற்று முன்னே இருக்கும் எண்ணை மட்டும் ஏற்கும். வண்டி இல்லாத இடத்தில் குழந்தை அரைமணி நேரம் பட்டனை அழுத்தி விளையாடினால் சாவி வெகுதூரம் முன்னே போய்விடும். வண்டிக்கு அருகில் நின்று ஒரே பட்டனை அடுத்தடுத்து அழுத்தினால் பல வண்டிகளில் மீண்டும் ஒத்துப்போகும். வேறு சிலவற்றில் சாவியை இக்னிஷனில் போட்டு ஆன் செய்து லாக் பட்டனை அழுத்த வேண்டும். உங்கள் மாடலுக்கு எது என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

டிவி ரிமோட்டைப் பார்ப்பதுபோல மொபைல் கேமரா முன்னால் அழுத்திப் பார்க்கலாமா?

பயனில்லை. டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளி; இன்றைய கார் சாவி ரேடியோ அலை. கேமராவில் எதுவும் தெரியாது. சாவியில் உள்ள சின்ன எல்இடி மின்னினால் செல்லும் பட்டனும் உயிரோடு இருக்கின்றன என்று மட்டும் தெரியும். சிக்னல் போகிறதா என்பதை அது சொல்லாது.

வீட்டு வாசலில் நன்றாக வேலை செய்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தினால் மட்டும் செய்வதில்லை.

சாவியில் குறை இல்லை. அந்த இடத்தில் ரேடியோ இரைச்சல் இருக்கிறது. டவர், ஒலிபரப்பு நிலையம், சரியாகத் தயாரிக்காத எல்இடி விளக்குக்குள் மின்சாரத்தை மாற்றித்தரும் 'டிரைவர்' சர்க்யூட் எல்லாமே இதைச் செய்யும். சாவியைக் கதவுக்கு மிக அருகில் கொண்டுபோய் அழுத்துங்கள், அல்லது இரும்புச் சாவியால் திறங்கள்.

எங்கே போனாலும் இந்தத் தொல்லை என்றால் இரைச்சல் உங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கலாம். சிகரெட் லைட்டர் துளையில் சொருகிய மலிவான யுஎஸ்பி சார்ஜர், வண்டி வாங்கிய பிறகு மாட்டிய டேஷ் கேமரா ஆகியவற்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சாவியையும் மொபைலையும் ஒரே பாக்கெட்டில் ஒட்டிவைத்தாலும் ஸ்மார்ட் சாவி தடுமாறும்.

இரவு நேரம், பட்டன் ஸ்டார்ட் வண்டி, சாவியில் செல் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. வீடு போய்ச் சேர வழி உண்டா?

உண்டு. இந்த ஒன்றை வண்டி ஓட்டும் வீட்டார் எல்லோரும் பகலில் ஒருமுறை செய்து பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பதற்றத்தில் கையேடு தேட முடியாது.

ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியை உருவுங்கள். ஓட்டுநர் கதவுக் கைப்பிடியில் துளை வெளியே தெரியாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும். மூடியின் அடியில் உள்ள சின்னப் பள்ளத்தில் சாவி முனையை விட்டு நெம்பினால் வந்துவிடும். இப்படித் திறக்கும்போது அலாரம் அலறக்கூடும். பயப்பட வேண்டாம், சாவியை வண்டி அடையாளம் கண்டு இக்னிஷன் ஆன் ஆனதும் நின்றுவிடும்.

உள்ளே போய், பிரேக்கை மிதித்துக்கொண்டு (மேனுவல் கியர் என்றால் கிளட்சையும்), செத்த சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிப்பிடித்து அழுத்துங்கள். முன்பு சொன்ன செல் தேவையில்லாத சிப் இங்கேதான் கைகொடுக்கிறது. சில வண்டிகளில் பட்டனுக்குப் பதில், கப் வைக்கும் இடத்திலோ கன்சோல் பெட்டிக்குள்ளோ சாவி படம் போட்ட ஓர் இடம் இருக்கும். அங்கே வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சாவியை வண்டி காண்கிறது, மீட்டர் விளக்குகளும் எரிகின்றன. ஆனால் எஞ்சின் சுற்றவில்லை.

யாரையாவது வண்டிக்குப் பின்னால் நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் லைட் எரியவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது: பிரேக் சுவிட்ச் அல்லது அதன் பியூஸ். நீங்கள் பிரேக் மிதித்திருப்பது வண்டிக்குத் தெரியவில்லை, அதனால் ஸ்டார்ட் செய்ய மறுக்கிறது. பிரேக் லைட் எரியாமல் சாலையில் போவது ஆபத்து என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். பிரேக் லைட் எரிந்தால் ஆட்டோமேட்டிக்கில் கியர் பி-யில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இறுகி லாக் ஆகியிருந்தால் அதை லேசாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்துங்கள்.

'டக் டக்' சத்தம் மட்டும் வந்து விளக்குகள் மங்கினால் 12 வோல்ட் பேட்டரி. எஞ்சின் அணைந்து சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 பாதி, 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரியை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும். பேட்டரி முனையில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் இணைப்பைக் கழற்றி வெந்நீரில் சமையல் சோடா கலந்து கழுவிக் காயவைத்து இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் கழித்தல் முனை, மாட்டும்போது கடைசியில் அது.

சாவி சட்டையோடு வாஷிங் மெஷினில் போய்விட்டது. அரிசியில் போட்டால் சரியாகுமா?

அரிசி ஈரத்தைச் சிறிது இழுக்கும். சோப்பையும் உப்பையும் இழுக்காது. போர்டை அரிப்பது அவைதான். பட்டனை அழுத்திப் பார்க்காமல் முதலில் செல்லைக் கழற்றுங்கள். போர்டைத் தனியாக எடுத்து ஐபிஏ ஊற்றி மென்மையான பிரஷ்ஷால் அலசுங்கள். ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு புதுச் செல். ஹேர் டிரையரின் சூட்டைக் காட்ட வேண்டாம். வெள்ளத் தண்ணீரோ கடல் தண்ணீரோ பட்டிருந்தால் அலசுவதை மறுநாளைக்குத் தள்ளக்கூடாது.

சாவியின் மேல்கூடு உடைந்துவிட்டது. வெளியில் விற்கும் காலிக் கூடு வாங்கி மாற்றலாமா?

மாற்றலாம், சில நூறு ரூபாயில் முடியும். ஆனால் பழைய கூட்டைத் தூக்கி எறியும் முன் நில்லுங்கள். பட்டனை அழுத்தினால் இரும்புச் சாவி மடிப்பிலிருந்து வெளியே வரும் பல ஃபிளிப் சாவிகளில் இம்மொபிலைசர் சிப் போர்டில் இருக்காது. கூட்டின் ஒரு மூலையில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டாகச் செருகப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் கட்டை என்று நினைத்து அதைக் கூட்டோடு குப்பையில் போட்டுவிட்டால், புதுச் சாவி கதவைத் திறக்கும், இக்னிஷனில் திரும்பும், எஞ்சின் மட்டும் எழாது. அந்தத் துண்டைக் கவனமாக எடுத்துப் புதுக் கூட்டில் அதே மூலையில் வையுங்கள். பசையால் ஒட்டியிருந்தால் கத்தி வைத்து நெம்பாதீர்கள், உடைந்துவிடும். கூட்டை வெட்டி அதைப் பிரித்தெடுங்கள். இரும்புச் சாவியையும் பழையதிலிருந்து மாற்றினால் புதிதாக வெட்டும் செலவும் இல்லை.

செல் மூன்று மாதம்கூட வருவதில்லை.

சாதாரணமாக ஒன்றிரண்டு வருடம் வர வேண்டும். முதல் சந்தேகம் சாவிக்கு மாட்டிய சிலிக்கான் கவர். இறுக்கமான கவர் ஏதோ ஒரு பட்டனை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். கழற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டாவது, சாவி தொங்கும் இடம். சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றால் சில ஸ்மார்ட் சாவிகள் வண்டியின் அழைப்புக்கு ஓயாமல் விழித்துக்கொண்டிருக்கும். உள் அறைக்கு மாற்றுங்கள். டொயோட்டாவின் பல ஸ்மார்ட் சாவிகளில் லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக்கை இரண்டு முறை அழுத்தினால் விளக்கு நான்கு முறை மின்னி சாவி தூங்கிவிடும். ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் எழுந்துகொள்ளும்.

ஒரு கதவு மட்டும் லாக் ஆவதில்லை.

மற்ற மூன்றும் ஆகின்றன என்றால் ரிமோட்டையும் பியூஸையும் மறந்துவிடுங்கள். லாக் அழுத்தும்போது அந்தக் கதவில் காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் முனகும் சத்தம் வந்து லாக் நகராவிட்டால் ஆக்சுவேட்டரின் (லாக்கை நகர்த்தும் மோட்டார் பெட்டி) பல் தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் கதவுக்கும் பாடிக்கும் நடுவே போகும் ரப்பர் குழாயைப் பாருங்கள். கதவு திறந்து மூடுவதால் அதற்குள் ஒயர் மடிந்து மடிந்து அறும். கதவைப் பாதி திறந்தபடி வைத்தால் வேலை செய்கிறது, மூடினால் இல்லை என்றால் கோளாறு அந்த ஒயரில்தான். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லியே கொடுங்கள். ஆக்சுவேட்டர் வாங்கும் செலவு மிச்சம்.

நான்கு கதவும் உள்ளே இருக்கும் சுவிட்சிலும் வேலை செய்யவில்லை என்றால் பியூஸ். அதே ஆம்பியர் மட்டும் போடுங்கள்: 15 நீலம், 20 மஞ்சள். ஒயர் சுற்றியோ சிகரெட் தாள் சுற்றியோ போட்டால் தீப்பிடிக்கும்.

சாவித்துளை இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தூசியோடு சேர்ந்து சில மாதத்தில் இன்னும் இறுகும். கிராபைட் தூள் போடுங்கள்.

அன்லாக் செய்த வண்டி அரை நிமிடத்தில் தானே லாக் ஆகிவிடுகிறது.

கோளாறு அல்ல. தவறிப்போய்ப் பட்டன் அழுந்தினால் வண்டி திறந்தே கிடக்கக்கூடாது என்று வைத்த ஏற்பாடு. ஏதாவது ஒரு கதவைத் திறந்தால் அது நடக்காது.

பேட்டரி மாற்றிய பிறகு கண்ணாடி ஒரே தட்டில் ஏறுவதில்லை.

கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஏறிய பிறகும் சுவிட்சைச் சில நொடி தூக்கியே பிடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அதுவே போதும்.

சாவி பாக்கெட்டில் இருக்கும் ஆள் நடுவழியில் இறங்கிப் போய்விட்டால் வண்டி நின்றுவிடுமா?

நிற்காது. ஓடும் எஞ்சினைப் பாதுகாப்புக்காக அணைக்க மாட்டார்கள். எச்சரிக்கை மணி மட்டும் அடிக்கும். அணைத்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஸ்டேஷனில் ஆளை இறக்கிவிட்டு வரும் வழியில் பெட்ரோல் பங்கில் எஞ்சினை அணைத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. மணி அடித்தால் அணைக்காமல் திரும்பிப் போய்ச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்கினேன், ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். இன்னொன்றை நானே பதிவு செய்ய முடியுமா?

வெளிக் கடையில் வாங்கி மாட்டிய அலாரம் செட் என்றால் பல சமயம் முடியும். அதன் கையேட்டில் வழி இருக்கும். கம்பெனி ரிமோட், இம்மொபிலைசர் சிப் என்றால் பெரும்பாலும் வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வேண்டும். கையில் ஒரு சாவி இருக்கும்போதே செய்வது சுலபம், செலவும் குறைவு. அதுவும் தொலைந்த பிறகு போனால் வேலை பல மடங்காகும். போகும்போது, பதிவில் இருக்கும் மற்றச் சாவிகளை எல்லாம் அழித்துவிடச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரிடமோ இடைத்தரகரிடமோ இன்னொன்று இருந்தாலும் அதன் சிப்பை வண்டி ஏற்காது. இரும்புச் சாவி கதவைத் திறக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதற்குப் பூட்டையே மாற்ற வேண்டும்.

வண்டி திருடுபோனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் எல்லாச் சாவிகளையும் கேட்பது வழக்கம். அதனால் ஒரு சாவியோடு வாங்கியிருந்தால், ஒரு சாவிதான் கொடுத்தேன் என்று விற்றவரிடம் எழுதி வாங்கி, புதுச் சாவிக்குப் பில்லும் சேர்த்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.